நெய்தற் பாடமும் என் எழுதுகோலும்

இலக்கியப் பாடம் எழுத்தாளரை ஆக்குமோ என்று வினவுவார்க்கு, ஆக்கும் என்பதே என் விடை. ஆனால் அது தரும் பேறு அணிநலம் அன்று. பொருளின் பெயரை அறிந்து எழுதும் பழக்கமே.

உ. வே. சாமிநாதையர் 1903-இல் பதிப்பித்த ஐங்குறுநூற்றை இவ்வாண்டு பயின்றோம். அதன்கண் நெய்தல் நூறு பாடிய அம்மூவனார் கடற்கரையை வாளா புகழ்ந்து அமைபவரல்லர். மரத்துள் ஞாழலுக்கு ஒரு பத்து, பறவையுள் வெள்ளாங்குருகுக்கு ஒரு பத்து, சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்து என நிறுத்திக் காட்டுகின்றார். அதுமுதல், கோவளத்துக் கரையில் நின்று 'பறவைகள் பறந்தன' என்று எழுத என் கை ஒருப்படுவதில்லை. எப்பறவை என்று தெரியுமளவும் எழுதுகோல் நிற்கின்றது. கட்டுரைகள் குறுகிவிட்டன, ஆசிரியர்க்கு அதில் வருத்தமில்லை போலும்!

மற்றொன்றும் உண்டு. வடகாற்றை வாடை என்றும் கீழ்காற்றைக் கொண்டல் என்றும் மீனவர் இன்றும் வழங்குகின்றனர். நாம் அகராதியிற் தேடும் சொற்கள் பைபர் படகு தள்ளுவார் நாவில் உயிரோடு உலவுகின்றன. அவர் பேச்சு முழுவதையும் கொச்சையென்று ஒதுக்குவார் கூற்றை யான் ஏலேன். செய்யுட்சொல்லொன்றில் ஐயம் நேர்ந்து உரையும் உதவாதவிடத்து, வலை உலர்த்தும் மணலிற் சென்று கேட்பதில் இழுக்கென்ன?