காணாதது இல்லாததாகுமா?

பகடை ஒன்றை நான்கு முறை உருட்டுங்கள். ஆறு முகங்களுள் இரண்டேனும் தோன்றாமலே போகும். அவற்றின் நிகழ்தகவு சுழியம் என எழுதிவிடலாமா? எழுதினால், பகடையின் நிச்சயமின்மையை, அதாவது என்ட்ரோபியை, 2 பிட்டுக்கு மேல் காணவே இயலாது. உண்மையில் அது ஏறத்தாழ 2.58 பிட்.

கிளாடு ஷானன் 1948இல் வகுத்த இந்த அளவையைக் கொண்டு மரபணுக்களிடையே உள்ள தொடர்புகளையும் தேடுகின்றனர். எஸ்செரிசியா கோலை பாக்டீரியத்தின் 102 மரபணுக்களை 9 நேரப்புள்ளிகளில் மட்டுமே அளந்த தரவு ஒன்றுண்டு. ஆராய வேண்டிய இணைகளோ 5,151. இத்துணைச் சிறிய தரவில், தனித்தனி என்ட்ரோபியைவிட இரு மரபணுக்களின் கூட்டு என்ட்ரோபி மிகுதியாகக் குறைந்து தோன்றும்; அதனால் இல்லாத உறவும் இருப்பதுபோல் காட்சி தரும்.

ஹவுசர், ஸ்ட்ரிம்மர் ஆகிய இருவரும் 2009இல் இதற்கொரு வழி காட்டினர். கண்ட விகிதங்களை, எல்லா வாய்ப்புகளும் சமம் என்னும் நிலையை நோக்கிச் சற்றே இழுப்பது அவ்வழி. தரவு குறைந்தால் இழுப்பு மிகும். தரவு பெருகினால் தளரும்.

‘தரவில் ஊகத்தைக் கலக்கலாமா?’ எனச் சிலர் வினவுவர். காணாததற்குச் சுழியம் இடுவதும் ஊகமே. தன்னை ஊகமென்று ஒப்புக்கொள்ளாத ஊகம். பொய்யான இணைப்பை நம்பி ஆய்வாளர் உழைப்பு வீணாவதைவிட, அறியாமையையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை என்பேன். மாணவர்களே, சிலவற்றைக் கண்டு முடிவுகட்டும் முன், இன்னும் தோன்றாத முகங்களையும் எண்ணிப் பாருங்கள்.