கோணல் எல்லாம் குற்றமா?

பென்சிலை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். பென்சில் இடம் மாறுகிறது அல்லவா? அந்த இடமாற்றத்தைக் கொண்டே மூளை தூரத்தை அறிகிறது.

2005 மே 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளுக்கும் இரண்டு கண்கள். ஒரு காமிரா 26 டிகிரி முன்னோக்கியும், மற்றது 5 டிகிரி பின்னோக்கியும் பார்த்தன. ஓர் இடத்தை முதல் காமிரா எடுத்துச் சுமார் 52 வினாடி கழித்தே அடுத்தது எடுக்கும். அதற்குள் புதுக்கோட்டை, பூமியோடு சுழன்று ஏறத்தாழ 24 கிலோமீட்டர் கிழக்கே போய்விடும்! செயற்கைக்கோள் தன்னைச் சற்றே திருப்பிக்கொண்டு இதை ஈடுசெய்தது. மிச்சப் பிழையை, தரையில் துல்லியமாக அளந்த புள்ளிகளைக் கொண்டு திருத்தினார்கள்.

ஆனால் நார்த்தாமலைப் பக்கம் 50 மீட்டர் உயரப் பாறைக்குன்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உச்சி இரு படங்களுக்கிடையே சுமார் 30 மீட்டர் விலகித் தெரியும். இது பிழையன்று, உயரத்தைச் சொல்லும் சேதி. இதையும் முதலிலேயே அழித்துவிட்டால் உயரமே கிடைக்காது.

இப்படிப் பெற்ற உயரங்களில் 8 மீட்டர் வரை பிழை இருக்கலாம். குன்றுக்கு இது போதும். நம் கண்மாய்களுக்கு? கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் நீரை ஓரடி மேடு தடுத்துவிடுமே! வானத்துப் படத்தை மட்டும் நம்பி வரத்துக்கால் வெட்டக்கூடாது என்பது என் கட்சி. கரைமேல் நின்று மட்டம் பார்ப்பவரும் வேண்டும். கொத்தனாரின் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய் இருந்தால், உங்கள் ஊர் வரத்துக்காலின் சரிவை நீங்களே அளந்துவிடலாம்.