மறைந்த பட்டியை மீட்கும் வழி

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தைக் கோடையில் மணற்றிட்டு அடைத்துக்கொள்வதுண்டு. மாரியில் வெள்ளம் ஏறி வயல்களை மூடத் தொடங்குங்கால், அம்மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். அடைபட்டது வாயில் மட்டுமே என்பதை இப்பகுதி மக்கள் அறிவர். ஆயின், கணினித் திரையில் 'மெனு' எனப்படும் பட்டி மறைந்துவிட்டால், எல்லாம் போயிற்றென்று கலங்குவோர் நம்முட் பலர். உடனே இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவச் சொல்கின்றனர். அதனால் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும் குடும்பப் படங்களும் அழிந்துபோதல் கூடும்.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸை இன்று நம் மாணவரும் இலவசமாகப் பெறலாம். அதில் பட்டி வேறு, செயலிகள் வேறு. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு உண்டு. அக்குறிப்புகளைப் படித்துப் பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டுவதே பட்டியின் தொழில். எனவே பட்டி மறைந்தாலும் செயலிகளும் நம் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மீட்கும் முயற்சியை எளியதிலிருந்து தொடங்குதல் வேண்டும். பயர்பாக்ஸ் உலாவியின் மேற்பட்டி மறைந்தால் 'ஆல்ட்' விசையை அழுத்துக, பட்டி தோன்றும். கேடிஈ செயலிகள் பலவற்றில் 'கண்ட்ரோல்', 'எம்' ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பட்டி மறையும். மீண்டும் அழுத்தினால் திரும்பும். கைதவறி இவ்விசைகளை அழுத்துவதால் நேரும் குழப்பமும் உண்டு.

லினக்ஸ் மின்ட் தளத்தில், நம் கறுவாவின் ஆங்கிலப் பெயர் தாங்கிய 'சின்னமன்' திரைமேசை உளது. அதன் பட்டி செயலற்று நின்றால், 'கண்ட்ரோல்', 'ஆல்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் ஒருங்கே அழுத்துக. திறந்திருக்கும் வேலை கெடாமல் திரைமேசை மட்டும் புதிதாகத் தொடங்கும். பட்டியின் பொத்தானே காணாமற் போயிருப்பின், அடிப்பலகத்தின்மீது வலப்பொத்தானைச் சொடுக்கி, 'ஆப்லெட்ஸ்' என்பதில் 'மெனு'வைத் தேர்ந்து சேர்க்கலாம்.

இவற்றாலும் பயனில்லையாயின், புதிய பயனர் கணக்கொன்றைத் தொடங்கி அதனுள் நுழைந்து பார்க்க. அங்கே பட்டி ஒழுங்காகத் தோன்றுமாயின், இயங்குதளத்திற் குற்றமில்லை. பழைய கணக்கின் அமைப்புக் குறிப்புகளே பழுதுற்றன என்பது தெளிவு. அப்போது பழைய கணக்கிற்குத் திரும்பி, அதே அடிப்பலகத்தில் வலப்பொத்தானைச் சொடுக்கி, 'டிரபிள்ஷூட்' பகுதியிலுள்ள மீளமைப்பைத் தேர்ந்தால் திரைமேசை ஆதிநிலைக்கு வரும். நாம் செய்துகொண்ட அலங்காரங்கள் போகும், கோப்புகள் போகா.

மறுநிறுவல் இறுதி மருந்து. அதனை நாடுமுன், வேண்டிய கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் படியெடுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. கணினியைப் பிறர்கையில் ஒப்படைக்கும் பெற்றோர், "இதற்குப் படியெடுத்தாயிற்றா?" என்று பிள்ளைகளை ஒருமுறை வினவுவாராக. புதிய பட்டியை எக்கடையிலும் அமைத்துக்கொள்ளலாம். பிள்ளை ஓராண்டு எழுதிச் சேர்த்த குறிப்புகளை எக்கடையிலும் வாங்க இயலாது.