பறவையின் பெயரால் ஆண்டவர்கள்!

பழைய உரோமையில் புட்குறி பார்க்கும் பூசகர் குழு ஒன்று இருந்தது. பறவைகளின் போக்கும் ஒலியும் கொண்டு கடவுளரின் கருத்தை அவர் உரைத்தனர். குறி தீதெனில் ‘வேறொரு நாள்’ என்பர். கூடிய மக்கள் மன்றம் கலையும்!

குறியறியும் உரிமை தம் குருதிக்கே உண்டென்றனர் உயர்குடியினர். கி.மு. 300-இல் ஒகுல்னியச் சட்டம் பொதுக்குடியினர் ஐவரைக் குழுவிற் சேர்த்தது. வானம் இடிந்தா வீழ்ந்தது?

ஆயினும் சூழ்ச்சி ஒழிந்ததோ? கி.மு. 59-இல் சீசரின் சட்டங்களைத் தடுக்க, இணையாட்சியாளன் பிபுலசு வீட்டினுள் அடைந்துகிடந்தே ‘வானம் பார்க்கின்றேன்’ என அறிவித்தான்!

அக்குழுவிலேயே இருந்த சிசெரோ, கி.மு. 44-இல் எழுதிய நூலில், குறியில் உண்மையில்லை. நாட்டாட்சிக்குப் பயன்படுவதாலேயே அது காக்கப்படுகின்றது என்றார்.

பொய்யென அறிந்தோரே அதனைப் போற்றினர். பறவை எல்லார்க்கும் பொதுவாகவே பறந்தது. அதன் பொருளைத்தான் சிலர் பூட்டிவைத்தனர்!