தொண்டு நிறுவனமும் நட்டஈடும்

தொண்டு நிறுவனத்தால் காயப்பட்டவர் அதன்மீது வழக்குத் தொடர முடியாது என்பது பரவலான எண்ணம். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. மூன்றும் தவறு.

ஒன்று, “இலவசமாக உதவியவரிடம் நட்டஈடு கேட்பது முறையல்ல.” பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1846 இல் தொண்டு நிறுவனத்துக்கு நட்டஈட்டிலிருந்து விலக்கு உண்டு என்று சொன்னது, 1866 இல் அதே சபை அதைக் கைவிட்டது. கைவிட்ட விதியை 1876 இல் மசசூசெற்ஸ் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வேறு அமெரிக்க மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1942 இல் வொஷிங்ரன் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் ஒரு தாதியின் வழக்கு வந்தது. ஜோர்ஜ்ரவுண் வைத்தியசாலையில் நோயாளி ஒருவர் தமக்கென அமர்த்திய தாதி அவர். பயிற்சித் தாதி ஒருவர் தள்ளிய கதவு மோதிக் காயமடைந்தார். வைத்தியசாலையே பொறுப்பு என்பதில் நீதிபதிகள் ஒன்றுபட்டனர். நீதிபதி வைலி ரட்லெஜ் இன்னும் ஒருபடி சென்று, தொண்டுக்கென்று விலக்கே கூடாது என்றார்.

இரண்டு, “நட்டஈடு கொடுத்தால் தொண்டே அழிந்துவிடும்.” பொறுப்பை ஏற்ற இடங்களில் அப்படி நடந்ததற்குச் சான்றில்லை என்று அதே தீர்ப்பு காட்டியது. இழப்பைக் காப்புறுதி தாங்கும். நிறுவனத்துக்கு விலக்களித்தால் அதை முழுவதும் சுமப்பவர் காயப்பட்டவரே.

மூன்று, “தொண்டர் சம்பளம் வாங்காதவர்.” 1997 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தொண்டரைக் காக்கிறது, நிறுவனத்தைக் காக்கவில்லை. வாகனம் ஓட்டி விளைவித்த காயத்துக்குத் தொண்டருக்கும் அந்தக் காப்பு இல்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் நிலை வேறு. 1946 உடன்படிக்கை அதற்கு விலக்களிக்கிறது. ஹெயிற்றியில் கொலராவால் பாதிக்கப்பட்டோர் அதன்மீது தொடுத்த வழக்கை நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம் 2015 இல் தள்ளுபடி செய்தது அதனாலேயே. அரச சார்பற்ற சாதாரண நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை.

இலங்கையில் சமஷ்டி நீதிமன்றம் கிடையாது. இத்தகைய வழக்குக்கு இடம் மாவட்ட நீதிமன்றம். தர்மபுரத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் நிறுவன வாகனமொன்று சைக்கிளில் போகும் ஒருவரை மோதினால், சாரதியின் கவனக்குறைவை நிரூபித்து அந்த நிறுவனத்திடம் நட்டஈடு கோரலாம். கண்ணிவெடி அகற்றும்போது காயப்படும் ஊழியருக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் உண்டு.

உதவி பெற்ற நன்றி உரிமையை அழிப்பதில்லை, தாமதம் அழித்துவிடும். காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, காயத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்.