ஆளுக்கு ஒரு கிழமை கொடுங்கள்!



பொதுத் தேர்வு முடிந்துவிட்டது. கருங்குழிப் பிள்ளைகள் இனி இரண்டு மாதம் மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கே போவார்கள்? அப்பா மறைமலை நகரிலோ ஒரகடத்திலோ ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்க இரவு பத்தாகும். அம்மா வேலைவிட்டு வந்து அடுப்படிக்குள் நுழைந்திருப்பார். பையன் ஜி.எஸ்.டி. சாலைக்கு வருவான். அங்கே அவனுக்காக யார் யார் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓட்டிப் பார் என்று பைக் சாவி நீட்டுகிறவன், பாட்டில் நீட்டுகிறவன், கையில் சாதிக்கொடியைத் திணிக்கிறவன். அவர்கள் ஒரு நாள் தவறாமல் வருகிறார்கள். நாம்தான் போவதில்லை.

2023 மே மாதத்தை மறந்துவிட்டோமா? சித்தாமூர் பக்கம் பெருங்கரணையிலும், மாவட்ட எல்லை தாண்டி மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கொதித்தோம், கோஷம் போட்டோம். கோஷம் தேவைதான். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் பொழுது சாய்ந்தபின் போய் உட்கார ஓர் இடம் வைத்தோமா?

கிழக்கே கோவளத்தைப் பாருங்கள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், தானே அலைச்சறுக்குப் பழகி, 2012-இல் வேறு சிலருடன் சேர்ந்து அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கறார்: பள்ளிக்கூடம் போகாதவனுக்கு அலைப்பலகை கிடையாது. குடி, சிகரெட் பக்கம் போனாலும் இடமில்லை. எத்தனை மேடைகளில் எத்தனை பேர் "படி, படி" என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள்! இவரோ பிள்ளை உயிரை விடும் ஒன்றைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். காலையில் அலை வேண்டுமா, பகலில் வகுப்பில் இரு. தேசியப் போட்டிகளில் வென்றவர்கள் அந்தக் குப்பத்திலிருந்து வந்தார்கள்.

நமக்குக் கடல் இல்லையே என்பீர்கள். சென்னை புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் கேரம் பலகைகள்தான் இருந்தன. ஆட்டோ ஓட்டுநர் மெகபூப் பாஷா பிள்ளைகளை உட்காரவைத்துக் கேரம் சொல்லிக்கொடுத்தார். அங்கே ஆடிப் பழகிய அவர் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வென்றார். பதக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை தோழர்களே. பலகையைச் சுற்றி உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பதக்கம் கிடைக்காது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரிடமும் "நேத்து ஏன்டா வரல? உடம்பு சரியில்லையா?" என்று கேட்க வீட்டுக்கு வெளியே ஒருவர் இருப்பார். பதினாறு வயதில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல்தான் நம் பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள். கட்டடமும் கம்ப்யூட்டரும் பிறகு வரட்டும். முதலில் வேண்டியது, தினமும் கதவைத் திறந்து, வராதவனைத் தேடிப் போகிற ஆள்.

பிள்ளைகள் மாலையில் கூடும் இடத்தைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த இடம் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருப் பிள்ளைகள் மட்டுமே வருகிற இடமாக அது ஆகிவிடக் கூடாது. ஊரும் காலனியும் சமமாக வந்துபோகிற பொது இடம்தான் வேண்டும். அதில் சமரசமே கிடையாது. முதல் சுயமரியாதை மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் கூடியது நம் செங்கல்பட்டில். சாதிப் பட்டத்தைத் துறக்கவும் பெண்ணுக்குச் சொத்துரிமை தரவும் அன்றே தீர்மானம் போட்ட மண் இது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து பேசிய இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம், நம் மதுராந்தகம் பக்கத்து ஊர். அந்த மண்ணில் ஒரு கேரம் பலகையைச் சுற்றி நான்கு தெருப் பிள்ளைகளை உட்காரவைக்க நம்மால் முடியாதா?

பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு இதைத் தொடங்கக் கூடாது. "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கினால் அந்தப் பிறகு வரவே வராது. முதல் நாளே அவர்கள் வர வேண்டும். அதற்கு நம் அக்காக்களும் அண்ணிகளும் பொறுப்பில் இருக்க வேண்டும். இருட்டுமுன் வீட்டுக்குப் போகும்படி நேரம் வைக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடம் நமக்கு வேண்டாம்.

இடம் கேட்டுப் பேரூராட்சியில் மனு கொடுப்போம், விடாமல் போய்க் கேட்போம். ஆனால் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு மொட்டை மாடி போதும். இரண்டு கேரம் பலகை, நாலு சிலம்பக் கம்பு, அன்றைய நாளிதழ், குரூப் 4 பழைய வினாத்தாள்கள். கணக்கில் கெட்டிக்காரர் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் எந்த டிரேடு படித்தால் எந்தக் கம்பெனி எடுக்கிறது, காண்டிராக்டில் சேர்ந்தால் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லுங்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பணம் இருப்பவர்கள் பணம் தாருங்கள். ஆனால் பணம் தந்ததோடு கடமை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கேட்பது வாரத்தில் ஒரு மாலை. வாரத்துக்கு ஏழு கிழமை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், ஒருவர் ஷிப்டில் மாட்டிக்கொண்டால் இன்னொருவர். மொத்தம் பதினான்கு பேர். இத்தனை பெரிய ஊரில் பதினான்கு பேர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்துக்கு முன்னால் கூடுவோம். வரும்போது உங்கள் தெருவில் படிப்பை விட்ட ஒரு பிள்ளையின் பெயரையும், நீங்கள் பொறுப்பேற்கும் கிழமையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை மாலை கதவைத் திறக்கிறோம். திங்கள் என்னுடையது, கூட நிற்க இன்னொருவர் வேண்டும்.