பையனுக்கு அண்ணன் யார்?

சில மாதங்களுக்கு முன்னால், பஞ்சாலைகள் நிறைந்த ஓர் ஊரில் ஒரு விழா நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மேடையில் மெத்தை நாற்காலிகள். ஊரே அதிரும்படி ஒலிபெருக்கி. ஆலை முதலாளிமார் சிலர் சேர்ந்து நடத்தும் தரும ஸ்தாபனம் ஒன்று, பிள்ளைகளுக்கு “வழிகாட்டிகள்” ஏற்பாடு செய்யும் திட்டத்தை அன்று தொடங்கி வைத்தது. “வழி தவறக்கூடிய” பிள்ளைகள் என்று நாற்பது பேரைப் பொறுக்கி வரிசையாக நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு பை, ஒரு நோட்டு. ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் ஒரு பெரிய மனிதர் கை போட்டுக் கொண்டு படம் எடுத்துக் கொண்டார்.

மேடையில் ஒரு முதலாளி பேசினார். தகப்பன் குடிக்கிறான், தாய் கவனிப்பதில்லை, அதனால்தான் பிள்ளை கெட்டுப் போகிறது, நாங்கள் கை கொடுத்துத் தூக்கி விடப் போகிறோம் என்றார். கை தட்டினார்கள்.

அந்த வரிசையில் நின்ற ஒரு பையனின் தாய் அந்த நேரத்தில் எங்கே இருந்தாள்? பேசியவருடைய மில்லிலேயே ரிங் பிரேம் ஓட்டிக் கொண்டிருந்தாள். இரவு ஷிப்டு முடிந்து வெளியே வர இருந்தவளை, ஆள் வரவில்லை என்று அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிள்ளையைக் கவனிக்காத தாய் இவள்தான்!

வழியை மறித்தவர் யார்?

தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்து வைத்தவர் பிள்ளைக்கு வழி காட்ட வருகிறார். என்ன கேலிக்கூத்து!

2013ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 100க்கு 2 ரூபாயைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். இந்த 2 ரூபாயில்தான் பந்தலும் படமும். மீதி 98 ரூபாய் யாருடைய தூக்கத்திலிருந்து பிடுங்கியது என்று எந்த மேடையிலும் பேச மாட்டார்கள்.

“சுமங்கலித் திட்டம்” நினைவிருக்கிறதா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பல, ஏழை விவசாயக் கூலிகளின் பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கொண்டு வந்து விடுதியில் அடைத்து வேலை வாங்கின. முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவோம் என்று ஆசை காட்டின. நடுவில் நோய்பட்டு வீடு திரும்பியவள் அந்தத் தொகையை இழந்தாள். அந்தப் பெண்களுக்கு அன்று வழி காட்ட வந்த பெரிய மனிதர் யார்?

சட்டமாவது காப்பாற்றுகிறதா? 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. 14 முடிந்த மறுநாள் பிள்ளைக்கு யார் பொறுப்பு? அதற்கு அங்கே பதில் இல்லை. 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்று ஒரு கையால் எழுதி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று மறு கையால் கதவைத் திறந்து விட்டார்கள். நிலமில்லாத கூலிக்குக் குடும்பத் தொழில் ஏது? அட்வான்ஸ் வாங்கிச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போவதுதான் அவன் குடும்பத் தொழில். பிள்ளையும் கூடவே போகிறது. திரும்பி வரும்போது வகுப்பு பாதி ஓடிப் போயிருக்கிறது.

நம் பங்கு என்ன?

இத்துடன் நிறுத்தினால் தோழர்கள் கை தட்டுவார்கள். ஆனால் இன்னொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். அது நம்மைச் சுடும்.

எங்கள் சங்கத்தில் ஒரு தோழர். கதவடைப்பின் போது ஐம்பது நாள் கேட்டை விட்டு நகராதவர். அவருடைய மகன் பத்தாவதில் இரண்டு பாடம் தவறினான். ஒருநாள் மாலை சங்க ஆபீசுக்கு வந்து, “மாமா, ஐ.டி.ஐ. மனு ஒண்ணு எழுதணும்” என்றான். கமிட்டி நடந்து கொண்டிருந்தது. நாளைக்கு வா தம்பி என்றேன். மறுநாள் வந்தான், நான் ஊர்வல வேலையாக வெளியூர் போயிருந்தேன். மூன்றாம் நாள் அவன் வரவில்லை.

அவனுக்கு நேரம் ஒதுக்கிய வேறொருவன் இருந்தான். வட்டிக்குப் பணம் விடுகிறவனுக்கு வசூல் பார்க்கும் ஆள். பையனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டான்; பரோட்டா வாங்கிக் கொடுத்தான்; அவன் சொன்னதை எல்லாம் உட்கார்ந்து கேட்டான். ஒரு வருஷத்துக்குள் அடிதடி வழக்கில் அந்தப் பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நின்றான். தகப்பன் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோழர்களே! பதினைந்து வயதுப் பையனுக்கு ஓர் அண்ணன் கிடைத்தே தீருவான். எந்த அண்ணன் என்பதுதான் கேள்வி. நாம் போகாத இடத்துக்கு வட்டிக்காரனின் ஆள் போகிறான். கஞ்சா விற்பவன் போகிறான். சாதிச் சங்கக்காரன் கையில் கலர் கயிற்றோடு போகிறான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியுமா? கூடப் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து பள்ளி மாணவர்களே அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை சர்க்கார் நியமித்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று 2024ல் அவர் அறிக்கை கொடுத்தார். நல்ல யோசனை. ஆனால் கயிற்றை அறுத்துப் போட்ட கையை அதன் பிறகு யார் பிடிப்பது? சாதி வெறி பிடித்தவன் அந்தக் கையைப் பிடிக்க இருபத்து நான்கு மணி நேரமும் தயார். நாம்?

“சமுதாயம் மாறினால் எல்லாம் சரியாகும், பிள்ளைகளைத் திருத்துவது சீர்திருத்தக்காரன் வேலை” என்று சொல்லும் தோழர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 1920ல், உள்நாட்டு யுத்தத்தில் அநாதையாகித் திருடித் திரிந்த பிள்ளைகளுக்காக உக்ரைனில் பொல்தாவா அருகே ஒரு காலனியை மகரென்கோ என்ற ஆசிரியர் ஏற்று நடத்தினார். பஞ்சமும் பட்டினியும் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பிள்ளைகளோடு வாழ்ந்தார், உழைத்தார். பழைய குற்றங்களைக் கிளறாமல் புதிய பொறுப்புகளைக் கொடுத்தார். பின்னர் கார்க்கிவில் அவர் வழி நடத்திய கம்யூனில், 1930களில் அப்படிப்பட்ட பிள்ளைகளே காமிராக்கள் செய்தார்கள்.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தோழர் பி. சீனிவாசராவ் 1940களில் கீழத் தஞ்சைக்கு வந்து, சேரியிலே தங்கி, சேரிச் சோற்றைத் தின்றுதானே பண்ணையாட்களை நிமிர வைத்தார்? சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் தடை போட்ட 1944 மன்னார்குடி ஒப்பந்தம் அந்த உறவில் விளைந்ததுதானே? 1991-92ல் புதுக்கோட்டையில் அறிவொளித் தொண்டர்கள் சம்பளமின்றி மாலைதோறும் உட்கார்ந்துதானே கல் உடைக்கும் பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்?

செய்ய வேண்டியது

ஒவ்வொரு கிளையும் தன் தெருவில், தன் லைன் வீடுகளில், தன் சேரியில் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பட்டியல் எடுக்கட்டும். படிப்பை விட்டவர் யார், விடப் போகிறவர் யார் என்று பார்க்கட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகளின் பிள்ளைகளை விட்டு விடக் கூடாது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தோழர் பொறுப்பு. பெண் பிள்ளைகளுக்குப் பெண் தோழர்கள்.

வாரத்தில் இரண்டு மாலை. அதே நாள், அதே நேரம். வருகிறேன் என்று சொல்லி வராமல் போவதை விட, ஆரம்பிக்காமல் இருப்பது மேல். ஏமாந்து பழகிய பிள்ளைக்கு இன்னொரு ஏமாற்றம் வேண்டாம். நாலு பேர் பார்க்கும் இடத்தில், தாய் தகப்பனுக்குத் தெரிந்து உட்கார வேண்டும். குடித்து விட்டுப் போகக் கூடாது. கை நீட்டக் கூடாது. பிரசங்கம் செய்யக் கூடாது. பிள்ளை பேசட்டும், நாம் கேட்போம். கூட்டத்துக்குத் தலை எண்ணிக் காட்ட அவர்களை இழுத்து வரவும் கூடாது. சான்றிதழ் வாங்குவது, ஐ.டி.ஐ. மனு எழுதுவது, தலைமை ஆசிரியரைப் பார்ப்பது ஆகியவற்றில் கூட நிற்க வேண்டும். அடி, கொத்தடிமை, குழந்தைத் திருமணம் என்று நம் கை மீறிய ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே 1098க்குப் போன் செய்ய வேண்டும்.

இதைச் செய்வதால் போராட்டத்தை விடச் சொல்லவில்லை. கட்டாய டபுள் ஷிப்டு ஒழிய வேண்டும். மில்லில் குழந்தைக் காப்பகம் வேண்டும். ஆதிதிராவிடர் விடுதிகளுக்குக் கூரையும் குளியலறையும் வேண்டும். காலியான வாத்தியார் இடங்களை நிரப்ப வேண்டும். இவை ஒவ்வொன்றும் நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் இந்தக் கோரிக்கைகளின் அருமை தெரியும். அவன்தான் கடைசி வரை விடாமல் கேட்பான்.

முதலாளியின் வழிகாட்டி படம் எடுத்து முடிந்ததும் காரில் ஏறிப் போய் விட்டார். பையன் இன்னும் அந்தத் தெருவில்தான் நிற்கிறான். நாமும் அதே தெருவில்தான் குடியிருக்கிறோம்.

இன்று மாலை ஷிப்டு முடிந்து போகும்போது, தோழனே, அவனிடம் நின்று பேசி விட்டுப் போ. நாளைக்கு வா என்று மட்டும் சொல்லாதே.